பேரன் பிறந்த பிறகும் கறுப்பு உடை!

இளைஞர்களின் பாட்டில் தங்களைக் கண்டுகொண்ட பெரியவர்கள்

இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் விட்பி என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகம். ஊரை அடுத்து ஒரு குன்று. குன்றின் மேல் பழைய மாதாகோவில். அதன் பக்கத்தில் இடிந்துபோன ஒரு மடம். கீழேயிருந்து மேலே போக 199 படிகள்.

ஆண்டில் சில நாட்கள் இந்தப் படிகள் எல்லாம் கறுப்பாகிவிடும்!

ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். எல்லோருக்கும் கறுப்பு உடைதான். பெண்களுக்குத் தரையைத் தொடும் கறுப்புப் பாவாடை. ஆண்களுக்கு நீண்ட கறுப்புக் கோட்டு, உயரமான தொப்பி. முகத்தில் வெள்ளைப் பவுடர். கண்ணைச் சுற்றி அடர்ந்த மை. ஆண்களும் மை தீட்டியிருப்பார்கள்!

தூரத்திலிருந்து பார்த்தால், "காலேஜ் பிள்ளைகள் வேஷம் போட்டுக் கூத்தடிக்கிறார்கள்" என்று தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குகிறவருக்கு ஐம்பது வயதுக்குக் குறையாது. தொப்பிக்குக் கீழே நரை தெரியும். கறுப்புப் பாவாடை கட்டிய அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நிற்கும். அது மகனாகவும் இருக்கலாம். பேரனாகவும் இருக்கலாம்.

யார் இவர்கள்? எதற்காக இந்த வயதில் இந்தக் கோலம்?

நம் ஊரில் கறுப்புச் சட்டை போட்டவரைப் பார்த்தால் நமக்கு இரண்டு நினைவுதான் வரும். பெரியாரின் தொண்டராக இருக்கவேண்டும். அல்லது ஐயப்பனுக்கு மாலை போட்டவராக இருக்கவேண்டும். இவர்களோ வேறு. இவர்கள் ஒரு பாட்டுக்காகக் கறுப்பு உடுத்தியவர்கள். இவர்களுக்குக் "கோத்" என்று பெயர்.

பெயர் வந்த கதை

கோத் என்பது பழங்காலத்து ஜெர்மானியக் கூட்டத்தாரின் பெயர். ரோமாபுரியைக் கொள்ளையடித்தவர்கள். பிற்காலத்தில், ஐரோப்பாவில் வானளாவக் கட்டிய பழைய மாதாகோவில்களுக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு பாழடைந்த மாளிகை, பேய், மர்மம் என்று எழுதிய கதைகளுக்கு வந்தது. கடைசியில் ஒரு வகைப் பாட்டுக்கும் அதுவே பெயராயிற்று.

அந்தப் பாட்டு பிறந்தது 1970-களின் கடைசியில். அப்போது இங்கிலாந்தில் வேலையில்லாத் திண்டாட்டம். இளைஞர்கள் மனம் கசந்திருந்தார்கள். சிலர் மேடையில் கோபத்தைக் கொட்டினார்கள். வேறு சிலர் சோகத்தைப் பாடினார்கள்.

நார்தாம்ப்டன் என்ற ஊரில் நான்கு இளைஞர்கள் சேர்ந்து பௌஹாஸ் என்ற குழுவை அமைத்தார்கள். 1979-ம் ஆண்டில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. டிராகுலா வேஷத்தில் புகழ் பெற்ற பேலா லுகோசி என்ற பழைய நடிகரைப் பற்றிய பாட்டு அது. ஒரே பாட்டு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும்! டிரம் மெல்ல மெல்லத் தட்டும். கிட்டார் காற்றைப்போல ஊளையிடும். பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருக்கும்.

சூசி என்ற பெண் பாடிய பேன்ஷீஸ் குழு, ராபர்ட் ஸ்மித் பாடிய கியூர் குழு ஆகியவையும் அந்தக் காலத்தில் வளர்ந்தவை. 1982-ம் ஆண்டில் லண்டன் நகரின் சோஹோ பகுதியில் "வௌவால் குகை" என்று பொருள்படும் பெயருடன் ஓர் இரவு விடுதி திறந்தது. கறுப்பு உடைக் கூட்டம் அங்கே கூடியது.

"இதெல்லாம் இரண்டு வருஷக் கூத்து. கலியாணம் ஆனால் அடங்கிவிடுவார்கள்" என்றுதான் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

கலியாணமும் ஆயிற்று. பிள்ளைகளும் பிறந்தார்கள். கறுப்பு உடை மட்டும் பெட்டிக்குள் போகவில்லை!

40 பேனா நண்பர்கள்

விட்பி ஊருக்கும் இந்தக் கூட்டத்துக்கும் தொடர்பு ஏற்பட்டது ஒரு கதையால்.

பிராம் ஸ்டோக்கர் என்ற எழுத்தாளர் 1890-ம் ஆண்டில் விட்பிக்கு வந்து தங்கினார். இடிந்த மடத்தையும், 199 படிகளையும் பார்த்தார். 1897-ல் அவர் எழுதிய "டிராகுலா" நாவல் வெளிவந்தது. இரத்தம் குடிக்கும் டிராகுலா வந்த கப்பல் இந்தக் கரையில்தான் தட்டி நிற்கிறது. அதிலிருந்து பெரிய நாய் ஒன்று தாவிக் குதித்து ஓடுகிறது. கதை வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் ஊருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

1994-ம் ஆண்டில் ஜோ ஹேம்ப்ஷயர் என்ற பெண் தன்னுடைய பேனா நண்பர்களை விட்பிக்கு அழைத்தார். வந்தவர்கள் சுமார் 40 பேர். கடிதத்தில் மட்டும் பழகியவர்கள் முதல் முறையாக நேரில் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த 40 பேர் பல்கிப் பெருகி ஆயிரக்கணக்கானவர்கள் ஆனார்கள். வசந்த காலத்தில் ஒரு முறை, குளிர் தொடங்கும் காலத்தில் ஒரு முறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை கூடினார்கள். பாட்டுக் கச்சேரி நடக்கும். கறுப்பு உடை, வெள்ளி நகைக் கடைகள் போடுவார்கள். ஊர்க்காரர்களுக்கும் நல்ல வியாபாரம். "பார்த்தால் பயமாக இருக்கிறது. பழகினால் சாதுவாக இருக்கிறார்கள்" என்று ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டது.

போகாதவர்களும் புதிதாக வந்தவர்களும்

பெரியவர்கள் ஏன் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்? இதை ஒருவர் ஆராய்ச்சியே செய்தார். பால் ஹாட்கின்சன் என்பது அவர் பெயர். இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகத்தில் சமூகவியல் அறிஞர். அவரே இந்தக் கூட்டத்தில் பழகியவர். 2002-ம் ஆண்டில் கோத் இளைஞர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிறகு, "அந்த இளைஞர்களுக்கு வயது ஏறிவிட்டதே, இப்போது என்ன செய்கிறார்கள்?" என்று திரும்பப் போய்ப் பார்த்தார். 2011-ம் ஆண்டில் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அவர் பார்த்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். பிள்ளைகளை வளர்க்கிறார்கள். வேலைக்குப் போகும் நாளில் மை குறைந்துவிட்டது. தலைமுடியின் கோலம் அடங்கிவிட்டது. விடிய விடிய ஆடிய காலமும் போய்விட்டது. ஆனாலும் அவர்கள் அந்தக் கூட்டத்தை விடவில்லை. ஏனென்றால் கூட இருந்த நண்பர்களுக்கும் சேர்ந்தே வயதாயிற்று. ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள். பாட்டுக்காகச் சேர்ந்தவர்கள் பந்துக்களைப்போல ஆகிவிட்டார்கள்.

இவர்கள் போகாமல் நின்றவர்கள். இன்னொரு வகையினரும் உண்டு. நாற்பது வயதில், ஐம்பது வயதில் புதிதாக வந்து சேருகிறவர்கள்! இவர்கள் கதைதான் வேடிக்கையானது. கொஞ்சம் சோகமானதும்கூட.

உதாரணத்துக்கு ஒருவரை நினைத்துப் பாருங்கள். சிறு வயதில் அவருக்கு ஆரவாரம் பிடிக்காது. மழை பெய்தால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுவார். கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் அமைதி பிடிக்கும். "உனக்கு என்ன கேடு? ஏன் எப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று வீட்டில் அதட்டினார்கள். அவரும் தன்னை மாற்றிக்கொண்டார். எல்லோரையும்போலச் சிரித்தார். வேலைக்குப் போனார். கலியாணம் செய்துகொண்டார்.

இருபது ஆண்டு கழித்து ஒரு நாள், மகளின் அறையிலிருந்து ஒரு பாட்டு கேட்கிறது. நின்றுவிடுகிறார். "என்னைப்போலவே எண்ணுகிறவர்கள் உலகத்தில் இருந்தார்களா? இத்தனை நாள் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே!" என்று திகைக்கிறார்.

அவர் புதிய ஆளாக மாறவில்லை. பழைய ஆளைத் திரும்பக் கண்டுபிடித்தார்.

அந்தக் காலத்தில் ஒரு பாட்டைக் கேட்க இசைத்தட்டு வாங்கவேண்டும். அதற்குக் காசு வேண்டும். கடை இருக்கும் ஊரில் இருக்கவேண்டும். அப்பாவின் கோபத்துக்குத் தப்பவேண்டும். இப்போது கைப்பேசியில் விரலை வைத்தால் நாற்பது ஆண்டுப் பாட்டும் வந்து நிற்கிறது. கேட்பவருக்கு வயது என்ன என்று பாட்டு கேட்பதில்லை.

65 வயதில் முதல் இடம்

கேட்கிறவர்களுக்கு மட்டுமா வயது ஏறிற்று? பாடினவர்களுக்கும் ஏறிற்று.

கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் 1959-ம் ஆண்டில் பிறந்தவர். கலைந்த தலையும், கண்ணில் மையும், தாறுமாறாகப் பூசிய உதட்டுச் சாயமும் அவருடைய அடையாளம். இளமையில் பூசிய மையை அவர் முதுமையிலும் அழிக்கவில்லை.

2008-ம் ஆண்டுக்குப் பிறகு 16 ஆண்டுகள் அவருடைய குழு புதிய இசைத்தொகுப்பு வெளியிடவில்லை. 2024 நவம்பரில் ஒன்று வந்தது. அதில் மொத்தம் 8 பாட்டு. அப்போது ஸ்மித்துக்கு 65 வயது. வந்த வேகத்தில் அது இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது. அதற்குமுன் அந்தக் குழு முதல் இடத்துக்கு வந்தது 1992-ல்!

என்ன பாடினார்? காதலையா? இல்லை. இந்த இடைவெளியில் அவர் தன் தாயை இழந்தார். தந்தையை இழந்தார். அண்ணனையும் இழந்தார். அந்த அண்ணனின் மரணத்தைத்தான் ஒரு பாட்டில் பாடினார்.

இந்தக் கட்டுரைக்காக நான் அந்தப் பாட்டைக் கேட்டேன். ஆங்கிலப் பாட்டு, அதுவும் முகத்தில் மை பூசியவரின் பாட்டு, நமக்கு என்ன புரியப் போகிறது என்றுதான் உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் இடி முழங்குகிறது. பியானோவில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் குரல் எழுந்ததும் எனக்கு எங்கள் பாட்டி நினைவுக்கு வந்தார். பாட்டி ஒப்பாரி வைத்தால் வாசலில் நிற்கும் ஆண்களும் துண்டால் கண்ணைத் துடைப்பார்கள். செத்தவரை அழைத்து, "என்னை விட்டுப் போனாயே" என்று கேட்கும் அந்தக் கேள்விதான் இந்தப் பாட்டிலும் இருந்தது.

துக்கத்துக்குப் பாட்டு உண்டு என்பது நமக்குப் புதிதல்ல. அழவேண்டிய இடத்தில் வாய்விட்டு அழுத ஜனங்கள் நாம். மேல்நாட்டில் துக்கத்தை மறைப்பதே நாகரிகம் என்று வளர்ந்தவர்கள் ஏராளம். அப்படி வளர்ந்த ஒருவர், நாற்பது வயதில் பெற்றோரைப் புதைத்துவிட்டு வந்து இந்தப் பாட்டைக் கேட்டால் என்ன ஆகும்? நெஞ்சில் அடைத்து நின்றது கரையும். இளைஞர்கள் கண்டெடுத்த பாட்டு பெரியவர்களுக்கு மருந்தாவது இப்படித்தான்.

ரகசியப் போலீசின் நோட்டுப் புத்தகம்

ஜெர்மனியில் லைப்சிக் என்று ஒரு நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது கம்யூனிஸ்டு கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. அங்கேயும் கறுப்பு உடை அணிந்த பிள்ளைகள் இருந்தார்கள். ரகசியப் போலீசார் அவர்களை வேவு பார்த்தார்கள். யார் யாரோடு சேருகிறார்கள், எங்கே கூடுகிறார்கள் என்று குறித்து வைத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் கூடி உட்கார்ந்ததும் சந்தேகத்துக்குரிய காரியம் ஆயிற்று!

1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது. 1992-ம் ஆண்டில் லைப்சிக் நகரில் முதல் கோத் திருவிழா நடந்தது. பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி நடக்கும் இந்த விழாவுக்குச் சுமார் 20 ஆயிரம் பேர் வருகிறார்கள். நகரம் முழுவதும் கறுப்பு உடை. டிராம் வண்டியில் கறுப்பு உடை. பூங்காவில் புல்தரையில் விரிப்பை விரித்து, நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய பாணியில் உடுத்திய குடும்பங்கள் பலகாரம் சாப்பிடும். குழந்தை வண்டிக்குக்கூடக் கறுப்புத் துணி போர்த்திவிடுகிறார்கள்!

ஒரு காலத்தில் ஒளிந்து கேட்ட பாட்டை, பெரியவர்களாகி, தங்கள் பிள்ளைகளோடு வெயிலில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

உயிரைப் பறித்த உடை

இதுவரை படித்த வாசகர்கள், "எல்லாம் சரி, இது ஒரு பொழுதுபோக்குத்தானே?" என்று கேட்கலாம். இங்கிலாந்தில் ஒரு தாய்க்கு இது பொழுதுபோக்காக இருக்கவில்லை.

லாங்கஷயர் மாவட்டத்தில் பேகப் என்று ஒரு சிறு ஊர். அந்த வட்டாரத்துப் பெண் சோபி லாங்காஸ்டர். வயது 20. கோத் உடை அணிவாள். மூக்கிலும் உதட்டிலும் வளையம் போட்டிருப்பாள். அவளுடைய காதலனும் அப்படித்தான்.

2007-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி. நள்ளிரவு தாண்டிய நேரம். இருவரும் ஒரு பூங்கா வழியாக நடந்து வந்தார்கள். அங்கே நின்ற பையன்கள் திடீரென்று காதலன்மேல் பாய்ந்தார்கள். அடித்து வீழ்த்தினார்கள். சோபி ஓடிப்போய் அவன் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். "அவனை விட்டுவிடுங்கள்" என்று கெஞ்சினாள். அவர்கள் அவளையும் காலால் உதைத்தார்கள். தலையிலேயே உதைத்தார்கள்.

காதலன் பிழைத்தான். சோபிக்கு நினைவு திரும்பவே இல்லை. 13 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆகஸ்டு 24-ந் தேதி இறந்துபோனாள்.

என்ன பகை? ஒன்றும் இல்லை. இருவரும் வேறு மாதிரி உடுத்தியிருந்தார்கள். அவ்வளவுதான். மறு ஆண்டில் கோர்ட்டு கொலைக் குற்றத்துக்காக இரண்டு பையன்களுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இருவரும் பதின் வயதினர்.

தாய் செய்த காரியம்

சோபியின் தாய் பெயர் சில்வியா. மகளை இழந்த துக்கத்தில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். "அந்த உடையை அவள் போடாமல் இருந்திருந்தால்!" என்று புலம்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மகளின் உடையில் தவறு இல்லை, அதைப் பார்த்தவர்களின் கண்ணில்தான் தவறு என்று சொன்னார்.

மகளின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனார். "வேறு மாதிரி இருக்கிறவனை வெறுக்காதே" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். போலீஸ் அதிகாரிகளிடம் வாதாடினார். மதத்துக்காக, நிறத்துக்காக ஒருவரை அடித்தால் அது வெறுப்புக் குற்றம் என்று தனியாகப் பதிவு செய்கிறார்களே, கோத் போன்றவர்களை அடித்தாலும் அப்படியே பதிவு செய்யவேண்டும் என்றார். 2013-ம் ஆண்டு ஏப்ரலில் மாஞ்செஸ்டர் வட்டாரப் போலீசார் அதை ஏற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்தில் அவர்கள்தான் முதலாவது. பிறகு வேறு சில வட்டாரப் போலீசாரும் பின்பற்றினார்கள்.

விட்பியில் கடலைப் பார்த்தபடி சோபியின் நினைவாக ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பிளட்ஸ்டாக் என்ற பெரிய இசை விழாவில் ஒரு மேடைக்கே சோபியின் பெயரைச் சூட்டினார்கள். அந்த விழாவுக்குச் சில்வியா போவார். பயங்கரக் கோலத்தில் இருக்கும் பெரிய பெரிய ஆட்கள் வந்து அவரைக் கட்டி அணைத்துக்கொள்வார்கள். மகள் போன பிறகு மகளின் கூட்டம் தாய்க்குச் சொந்தம் ஆயிற்று.

2014-ல் பிரிட்டிஷ் அரசு சில்வியாவுக்குப் பட்டம் அளித்துக் கௌரவித்தது. 2022 ஏப்ரலில் அவர் காலமானார்.

பெற்றோர் கவலை

"சோகப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை கெட்டுப்போகாதா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. இதையும் டாக்டர்கள் ஆராய்ந்தார்கள்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்தில் 3,694 பிள்ளைகளைப் பற்றிய விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2015-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 15 வயதில் "நான் கோத்" என்று உறுதியாகச் சொன்ன பிள்ளைகளிடம், 18 வயதில் மனச்சோர்வு நோய் மற்றவர்களைவிட மூன்று மடங்கு காணப்பட்டது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் ஐந்து மடங்கு இருந்தது.

இதைப் பார்த்ததும், "நான் அப்போதே சொன்னேனே!" என்று மகனின் கறுப்புச் சட்டையைப் பிடுங்க ஓடவேண்டாம். பாட்டுத்தான் நோயைக் கொடுத்தது என்று அந்த டாக்டர்கள் சொல்லவில்லை. ஏற்கெனவே மனம் நொந்த பிள்ளைகள், தங்களைப் புரிந்துகொள்ளும் கூட்டத்தைத் தேடி அங்கே போயிருக்கலாம் என்கிறார்கள். காய்ச்சல்காரன் போர்வையைத் தேடுகிறான். போர்வையால் காய்ச்சல் வந்தது என்று சொல்ல முடியுமா? போர்வையைப் பிடுங்கினால் குளிர்தான் மிஞ்சும். காய்ச்சலை அல்லவா கவனிக்கவேண்டும்! பிள்ளையின் மனதில் நோய் இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பாட்டை விட்டுவிடுங்கள்.

ஒரு பாட்டுக்கு நேரம்

விட்பியின் 199 படிகளுக்குத் திரும்ப வருவோம். பாதியில் நின்று மூச்சு வாங்கிய பெரியவர் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டார். திங்கட்கிழமை அவர் ஆபீசுக்குப் போவார். மையை அழித்துவிட்டுக் கணக்கு எழுதுவார். பக்கத்து நாற்காலிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை அவர் தன்னைப்போலவே உள்ளவர்கள் நடுவில் நின்று மூச்சு விடுகிறார். ஆண்டு முழுவதும் அவரைத் தாங்குவது அதுதான்.

நம் வீட்டிலும் ஒரு மூடிய கதவு இருக்கும். அதற்குள் மகனோ மகளோ இருப்பார்கள். நமக்குப் பிடிக்காத ஒரு பாட்டு அங்கேயிருந்து கேட்கும். "அதை நிறுத்து!" என்று கத்துவது எளிது. ஒரு தடவை கதவைத் தட்டி, உள்ளே போய், பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பாட்டு முடியும் வரை பேசாமல் கேளுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும்.

பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். பிள்ளையைக் கொஞ்சம் புரிந்துகொண்டு வருவீர்கள். யார் கண்டது? நீங்கள் என்றோ தொலைத்த உங்களையும் அங்கே பார்த்துவிட்டு வரலாம்.